மச்சான் அனுப்பிய "மாசம் ஆடு": சினை ஆடா, சாதியா? அரைக் கடா வாங்கலாமா?

முத்தையன்கட்டான்

வணக்கம். கேள்வி பகிடியாகத் தொடங்கும், ஆனால் கடைசியில் காசு விஷயம் இருக்கிறது, அதனால் பாதியில் விட்டுவிட்டுப் பதில் போடாதீர்கள்.

என் மச்சான் ஒருவர் இங்கிலாந்தின் வடக்கில் இருக்கிறார். போன கிழமை வேலை முடிந்து வரும் வழியில் வேலிக்கரையில் காரை நிறுத்தி, ஒரு செம்மறிக் கூட்டத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு, "மச்சான், இதுகள் மாசம் ஆடுகள்" என்று. நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வயிறு எல்லாம் தொங்கித்தான் இருந்தது, "எத்தனை மாசம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் உடனே அழைப்பு எடுத்தார். மாசம் என்பது ஆட்டின் சாதிப் பெயராம். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார். இப்போது பட்டிக்குள் வயிறு வைத்த மறி (பெட்டை ஆடு) எதைக் கண்டாலும் "உதுவும் உன்ரை மச்சான்ரை சாதியோ" என்று நாளுக்கு இரண்டு தரம் கேட்கிறார்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. பக்கத்து வயலில் நின்ற வேறு ஆடுகளைக் காட்டி அவை "மியூல்" என்றார். மியூல் என்றால் கோவேறு கழுதை எல்லோ? கோவேறு கழுதை குட்டி போடாது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். குட்டிக்காகவே வளர்க்கிற ஆட்டுக்குப் போய் மலட்டு மிருகத்தின் பெயரை வைப்பார்களா? மச்சானிடம் கேட்டால், "எனக்கு என்னடா தெரியும், நான் டெலிவரி வான் ஓடுகிறவன்" என்கிறார். "ஆனால் இங்கே எல்லாரும் கலப்புத்தான் வளர்க்கினம், நீயும் கலப்புக்கு மாறு" என்று ஆலோசனை மட்டும் சொல்லத் தெரிகிறது.

இனிக் காசு விஷயம். எங்களிடம் 27 உருப்படி, அதில் 16 மறி, எல்லாம் நாட்டுச் செம்மறி. இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு 2011 இல் அப்பா ஆறு மறியோடு தொடங்கிய பட்டி. இங்கே ஒருவர் அரை டோர்ப்பர் கடா (டோர்ப்பர் என்ற வெளிநாட்டுச் சாதி பாதி, நாட்டு ஆடு பாதி) ஒன்று விற்கிறார், ஒன்றரை வயது, நல்ல உடம்பு, தலை கறுப்பு. விலை நாட்டுக் கடாவைப்போல மூன்று மடங்கு. நான் போட்ட கணக்கு என்னவென்றால், வயது போன மறிகள் எட்டை விற்று அந்தக் கடாவை வாங்குவது, அதையே மிச்ச மறிகளுக்கு விடுவது. அப்பா "வேண்டாம்" என்கிறார். ஏன் என்று கேட்டால் ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விடுகிறார்.

பெயர்க் கதையும் வேண்டும், கடாவுக்குப் பதிலும் வேண்டும்.

ஏ9 ஓட்டம்

தம்பி, மியூல் என்றாலே மலடுதான், பெயரிலேயே இருக்கிறது. அது இறைச்சிக்கு மட்டும் வளர்க்கிறது. உந்த அரை டோர்ப்பரும் அதே கதைதான், கலப்புக்குக் குட்டி தங்காது. காசைத் தண்ணீரில் போடாமல் அப்பா சொல்வதைக் கேள்.

மூடுபனி

ஏ9 அண்ணை, கோபிக்க வேண்டாம், அது முழுப் பிழை. அப்பா சொல்வதைக் கேள் என்றது மட்டும் சரி, ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல.

முத்தையன்கட்டான், உங்கள் மச்சான் படம் பிடித்த இடத்துக்கு அரை மணித்தியாலத் தூரத்தில்தான் நான் பல வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் Masham, எழுத்துக்கூட்டி வாசித்தால் அது "மாஷம்". ஊரவர்கள் ஹகரத்தை விழுங்கிவிட்டு "மாஸம்" என்பார்கள். வெளியூர்க்காரனை அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துவிடுவார்கள், நானும் அகப்பட்டிருக்கிறேன். அது ஆட்டின் பெயராவதற்கு முதல் ஒரு ஊரின் பெயர். வட யார்க்ஷயரில் யூர் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். ஆனால் அதன் சந்தைச் சதுக்கத்தைப் பார்த்தால் ஊருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. காரணம் செம்மறிதான். பக்கத்தில் ஜெர்வோ, ஃபவுண்டன்ஸ் என்று இரண்டு பெரிய துறவி மடங்கள் இருந்தன, அந்த மடங்களின் மலைகள் முழுக்க ஆடுகள், அவற்றில் நிறைய விலைப்பட்டது இந்தச் சதுக்கத்தில். சந்தை கூட்டுவதற்கு அரச அனுமதி கிடைத்தது 1251 இல். இன்றைக்கும் செப்டெம்பர் கடைசியில் அங்கே ஆட்டுத் திருவிழா நடக்கிறது.

ஊர்ப் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். பழைய ஆங்கிலோ-சாக்ஸன் மொழியில் "மேஸ்ஸாவின் ஹாம்", அதாவது மேஸ்ஸா என்ற ஒருவனின் குடியிருப்பு. முத்தையனின் கட்டு உங்கள் ஊர் முத்தையன்கட்டு ஆனதுபோலத்தான். மேஸ்ஸா யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, முத்தையன் யாரென்று உங்களைக் கேட்டால் நீங்களும் முழிப்பீர்கள். ஆக அந்த ஆட்டின் பெயரில் ஒரு மனிதன், அவன் மேல் ஒரு ஊர், ஊரின் மேல் ஒரு சந்தை, அந்தச் சந்தைக்கு வந்த ஆடு.

இனி ஆட்டைப் பார்ப்போம். மாஸம் தனிச் சாதி அல்ல, முதல் தலைமுறைக் கலப்பு. தாய் மலையில் நிற்கிற ஸ்வேல்டேல் அல்லது டேல்ஸ்பிரெட், கறுத்த முகம், சுருண்ட கொம்பு, குளிருக்கும் காற்றுக்கும் அசையாத சின்ன ஆடு. தகப்பன் டீஸ்வாட்டர் அல்லது வென்ஸ்லிடேல், உயரமாக, நீள மயிர் சுருள் சுருளாகத் தொங்கும். இரண்டையும் சேர்த்துப் பிறக்கிற குட்டிக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளி முகம், கொம்பு இல்லை, உடம்பு முழுக்க எண்ணெய் வைத்த மாதிரி மினுங்குகிற சுருள் மயிர். மச்சானின் படத்தை மறுபடி பெரிதாக்கி இந்த முறை வயிற்றை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

எதற்காக இப்படிக் கலக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே நிலம் ஒரு ஏணி மாதிரி. உச்சியில் புல் குறைவு, குளிர் கூட, அங்கே நிற்கிற மறி பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும், அதுவும் அதே சாதிக் கடாவுக்கு. நாலைந்து ஈற்றுக்குப் பிறகு பல் தேய்ந்து மலையில் நிற்க முடியாமல் போகும்போது விற்பார்கள். ஆனால் இறைச்சிக்காரனுக்கு அல்ல, கீழே நடுத்தர நிலத்தில் இருக்கிறவனுக்கு. அவன் புல் கூடிய இடத்தில் அந்தக் கிழ மறியை டீஸ்வாட்டர் கடாவுக்கு விடுவான். பிறக்கிற மறிக்குட்டிதான் மாஸம். அதுக்குத் தாயின் உரமும் தகப்பனின் பாலும் இரட்டைக்குட்டிக் குணமும் சேர்ந்து வரும். அதை இன்னும் கீழே தாழ்நிலத்துக்காரன் வாங்கி, சஃபோக் அல்லது டெக்ஸல் போன்ற இறைச்சிக் கடாவுக்கு விட்டு, வருகிற குட்டிகள் அவ்வளவையும் இறைச்சிக்கு அனுப்புவான். மூன்று படி, மூன்று பேர்.

மியூல் என்றதும் இதே ஏணிதான், கடாவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். டீஸ்வாட்டருக்குப் பதில் நீலமுக லெஸ்டர் என்ற சாதி. முகத்தோல் கருநீலமாக வெள்ளை மயிருக்குள்ளால் தெரியும், அதுதான் நீலமுகம். மாஸத்தைவிட இப்போது மியூல்தான் எங்கும். பெயர் கோவேறு கழுதையில் இருந்து எடுத்ததுதான், ஆனால் "இரண்டு சாதி சேர்ந்தது" என்ற பொருளுக்கு மட்டும் எடுத்தார்கள், மலட்டை விட்டுவிட்டார்கள். இந்தச் சனத்துக்குப் பெயர் வைப்பதில் பெரிய கற்பனை கிடையாது. செவியட் மறிக்கும் போர்டர் லெஸ்டர் கடாவுக்கும் பிறந்ததை "ஹாஃப்பிரெட்", அரைச்சாதி, என்று அப்படியே விட்டிருக்கிறார்கள், வேறொன்றைச் சாம்பல் முகம் என்கிறார்கள்.

ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். ஒருமுறை அந்தத் திருவிழாவில் ஒரு கிழவர் மாஸம் மறிகளை அடைப்புக்குள் நிறுத்தி முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பெரிய அறிவாளி மாதிரி "உங்களுடைய மாஸம் கடா எங்கே?" என்று கேட்டேன். அவர் துணியைப் பிழிந்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து அடைப்பில் இருந்த டீஸ்வாட்டரைக் காட்டினார். "அதுதான் கடா" என்றார். மாஸம் ஆண்குட்டியை நலமடித்து இறைச்சிக்கு விடுவார்கள், பொலிகடாவாக வைப்பதில்லை. மாஸம் மாஸத்தைப் பெறாது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய் அந்தச் சுத்தமான மலை மறியையும் சுத்தமான டீஸ்வாட்டரையும்தான் சேர்க்க வேண்டும்.

முத்தையன்கட்டான்

அண்ணை, இதைத்தான் நான் கேட்டேன், நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "அப்ப மேஸ்ஸாவின்ரை பெண்சாதி பேர் என்ன" என்று கேட்கிறார்.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. எல்லாரும் கலப்புத்தான் வளர்க்கிறார்கள் என்று மச்சான் சொன்னது அப்போ அரைவாசிதானே உண்மை? மேலே மலையில் நிற்கிறவன் தன்னுடைய ஆட்டைக் கலக்காமல் வைத்திருந்தால்தானே கீழே இருக்கிறவனுக்கு மாஸம்?

மூடுபனி

ஓம். அவன் கலந்துவிட்டால் ஏணியே இல்லை. உங்கள் கணக்கில் விற்கப்போகிற எட்டு மறியை நினைத்துக்கொண்டு இதை இன்னொருமுறை வாசியுங்கள்.

குழைக்கட்டு

நான் முப்பது வருடம் கால்நடை வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் ஐந்து ஆட்டோடு இருக்கிறேன், அதனால் தம்பிமாருக்கு அக்கா முறையில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

முதலில் மலட்டுக் கதை. குதிரைக்கு நிறமூர்த்தம் (குரோமோசோம்) 64, கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறந்த கோவேறு கழுதைக்கு 63. ஒற்றை எண், விந்தும் முட்டையும் உண்டாகும் நேரத்தில் சோடி சேர முடியாமல் குழம்பிவிடும், அதனால்தான் மலடு. செம்மறியில் அந்தச் சிக்கலே இல்லை. யாழ்ப்பாணச் செம்மறி, டோர்ப்பர், மேலே தம்பி சொன்ன மலை ஆடு எல்லாவற்றுக்கும் 54 தான். அவை வேறு வேறு சாதி, ஆனால் ஒரே இனம். வெள்ளாட்டுக்கு 60, அது வேறு இனம், ஒரே பட்டியில் வருடக்கணக்காகக் கிடந்தும் செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்து உயிருள்ள குட்டி கொடுப்பது மிக அரிது. ஏ9 தம்பி, கலப்புக் கடா நன்றாகவே பொலியும். சிக்கல் பொலியாமல் இருப்பதில் இல்லை, பொலிந்த பிறகு வருவதில்.

டோர்ப்பரின் பெயரும் கேட்க வேண்டியதுதான், அது உங்கள் கடாவின் பெயர் எல்லோ. தென்னாபிரிக்காவில் 1930களில் டோர்செட் ஹார்ன் என்ற இங்கிலாந்து ஆட்டையும் கருந்தலைப் பெர்சியன் என்ற ஆட்டையும் சேர்த்து உண்டாக்கினார்கள். டோர்செட்டின் "டோர்", பெர்சியனின் "பெர்", இரண்டையும் ஒட்டினால் டோர்ப்பர். 1950 இல் அதற்கென்று வளர்ப்போர் சங்கமும் வந்தது. டோர்செட்டிடம் இருந்து சதையும், வருடத்தில் எந்தக் காலத்திலும் சினைப்படுகிற குணமும் எடுத்தார்கள். பெர்சியனிடம் இருந்து வெயிலைத் தாங்கும் உடம்பும் குட்டை மயிரும் கறுத்த தலையும். பகிடி என்னவென்றால் அந்தப் பெர்சியனுக்கும் பாரசீகத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது சோமாலியா ஆடு. பெயரில் ஊர் இருந்தால் ஆடும் அந்த ஊர் என்று நம்பக் கூடாது.

இங்கே ஒரு வித்தியாசம் பாருங்கள். டோர்ப்பரும் கலப்பில் தொடங்கியதுதான், ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து நிலைப்படுத்திவிட்டார்கள், டோர்ப்பருக்கும் டோர்ப்பருக்கும் டோர்ப்பர்தான் பிறக்கும். மாஸம் அப்படி அல்ல, அது ஒரு தலைமுறைக்கான ஏற்பாடு. உங்களுக்கு விற்க வருகிற அரை டோர்ப்பர் இரண்டிலும் சேராது. அதை உங்கள் மறிக்கு விட்டால் கால் டோர்ப்பர் பிறக்கும். ஒன்று தகப்பன் மாதிரி, ஒன்று தாய் மாதிரி, ஒன்று இரண்டும் இல்லாமல். கலப்பில் வருகிற அந்த முதல் துடிப்பு, வேகமாக வளர்கிறது, நோயைத் தாங்குகிறது என்று சொல்கிறார்களே, அது முழுதாகக் கிடைப்பது இரண்டு சுத்தமான பக்கம் சேர்கிறபோதுதான். அரைக் கடாவோடு அதில் அரைவாசி போய்விடும். நீங்கள் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குவது அந்தக் கடாவின் உடம்பை, அதன் குட்டிகளின் உடம்பை அல்ல.

எட்டு மறியை விற்கிற யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கள் நாட்டு மறி இருபத்தைந்து கிலோ வந்தால் பெரிய காரியம், முழு டோர்ப்பர் கடா நூறு கிலோவைத் தாண்டும், அந்தப் பக்கம் பார்த்தால் கடாதான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் குட்டி பிறக்கும்போது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதில் தாய்க்குப் பெரிய பங்கு. 1938 இல் வால்ட்டன், ஹாமண்ட் என்ற இரண்டு பேர் கேம்பிரிட்ஜில், ஷயர் என்ற இராட்சதக் குதிரையையும் ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் இரண்டு பக்கமாகவும் கலந்து பார்த்தார்கள். பெரிய தாய்க்குப் பெரிய குட்டி, சின்னத் தாய்க்குச் சின்னக் குட்டி. தாயின் வயிறு தன் அளவுக்குள் குட்டியை அடக்கியது. பிறந்த பிறகு அந்தக் குட்டி வளர்வது தாயின் பாலில்தானே. நாலைந்து ஈற்றுக் கண்ட மறி என்பது குட்டி ஈனத் தெரிந்தது, பாலும் இருக்கிறது, உங்கள் மாரியில் புழுவையும் சேற்றையும் தாண்டி நின்றது. அதை விற்றுவிட்டு இன்னும் ஈனாத இளம் மறிகளைப் பெரிய கடாவுக்கு விடுவது தலைகீழான வேலை. தாயின் வயிறு அடக்கும் என்று நம்பி, இன்னும் முழுதாக வளராத மறியைப் பெரிய கடாவுக்கு விட்டுவிடாதீர்கள், ஈனும்போது குட்டி வெளியே வராமல் அடைபட்டுப் போகும்.

கலப்புத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கடாவை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, லெஸ்டர் ஆட்டையே உருவாக்கிய றொபேர்ட் பேக்வெல் 18ஆம் நூற்றாண்டில் கடாவை வாடகைக்கு விட்டுத்தான் பெயரெடுத்தார். செம்மறிக்குச் சினைப்பருவச் சுற்று 17 நாள், இரண்டு சுற்றுக்குச் சேர்த்து ஐந்து கிழமை கடா நின்றால் போதும். முழு டோர்ப்பர் கடா, அகன்ற இடுப்புள்ள, ஈன்று பழகிய மறிகள் நாலைந்து, அவ்வளவுதான். மிச்ச மறிகளுக்கு நல்ல நாட்டுக் கடா. கலப்புக் குட்டி ஆணோ பெண்ணோ எல்லாம் விற்பனைக்கு, பட்டிக்குள் வைக்கக் கூடாது. ஆவணியில் விட்டால் ஐந்து மாசம், தையில் குட்டி விழும், மழை ஓய்ந்து புல்லும் இருக்கும். மாரிக்குள் குட்டி போட வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று, பெரிய கடா என்று தீனி கூட்டிப் போடுவீர்கள், அப்போது மாட்டுக்கு வைக்கிற தாது உப்பை இதற்கும் வைக்க வேண்டாம். அதில் செப்பு இருக்கும், செம்மறிக்குச் செப்பு ஈரலில் சேர்ந்து ஒருநாள் திடீரென்று விழுத்திவிடும். செம்மறிக்கு என்று தனியாக இருக்கிறதை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

நெடுங்கேணிப் பட்டி

அக்கா சொன்னதை எல்லாம் நான் காசு கொடுத்துப் படித்தவன். மூன்று வருடத்துக்கு முதல் இதே மாதிரி அரைக் கடா ஒன்று வாங்கினேன், யாரிடம் என்று கேட்க வேண்டாம், அவர் இப்போதும் என்னோடு கதைக்கிறார். தலை கறுப்பு, கழுத்து பானை மாதிரி. வந்த அன்று ஊரே வந்து பார்த்தது. பெருமையில் என்னுடைய நாட்டுக் கடாவை அடுத்த கிழமையே விற்றுவிட்டேன், அதுதான் முதல் மடைத்தனம்.

முதல் ஈற்றில் ஒன்பது குட்டி. மூன்று பார்க்க அழகு, இரண்டு பரவாயில்லை, மிச்சம் நாலும் எங்களுடைய நாட்டுக் குட்டி மாதிரியே, எந்த வித்தியாசமும் இல்லை. சரி, அதைக்கூட விடலாம். எட்டு மாசக் குட்டி மறி ஒன்றைத் தனியாக அடைக்காமல் விட்டிருந்தேன், கடா ஏறிவிட்டது. ஈனுகிற அன்று இரவு மழை, லைற்றும் இல்லை, மனைவி டோர்ச் பிடிக்க நான் கையைவிட்டுப் பார்க்கிறேன், ஒரு கால் மட்டும் வெளியே, தலை பின்னுக்கு மடிந்து கிடக்கிறது. இழுத்துப் பார்த்தேன், சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன். விடிய மிருக வைத்தியர் வருகிற நேரம் குட்டி போய்விட்டது, மத்தியானம் தாயும் போய்விட்டது. அந்தக் குட்டியைத் தூக்கிப் பார்த்தபோது கை சோர்ந்துவிட்டது, அந்தச் சின்ன மறிக்குள் எப்படி இவ்வளவு இருந்தது என்று.

இரண்டாவது வருடம் வேறு கடா இல்லாததால் அதே கடா தன் மகள்களுக்கே போய்விட்டது. அதில் பிறந்தவை எழும்பி நிற்கவே இரண்டு நாள் எடுத்தன. மாரியில் கடாவுக்கு முன்கால் குளம்பு அழுகி, முழங்காலில் நின்று மேய்ந்தது, சாமி கும்பிடுகிற மாதிரி. பக்கத்தில் நாட்டு மறிகள் அதே சேற்றில் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன. ஆடு பிழையென்று சொல்ல மாட்டேன், அது வறண்ட தேசத்துக்கு உண்டாக்கின ஆடு, தண்ணீருக்குள் நிறுத்தியது நான். தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் பலகைக் கொட்டில் போட்ட பிறகுதான் சரிவந்தது. கடாவை விற்று முடித்துக் கணக்குப் பார்த்தால் கொட்டில் மட்டும்தான் மிச்சம்.

தம்பி, விற்கப்போகிற எட்டு மறியும் உண்மையாகவே கிழடா? பல்லைப் பார்த்தாயா, அல்லது வயதை மட்டும் எண்ணினாயா?

ஏ9 ஓட்டம்

மலட்டு விஷயத்தில் நான் தோற்றுப் போனேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அப்பா சொல்வதைக் கேள் என்று முதல் சொன்னது நான்தான், அதை ஒருவரும் மறக்க வேண்டாம். 63ஐ இப்போது லொறிக்குள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

மூடுபனி

நெடுங்கேணி அண்ணை, உங்கள் கடா முழங்காலில் நின்று மேய்ந்ததை வாசித்தபோது இங்கே பார்த்தது ஞாபகம் வந்தது. இங்கேயும் ஈரப் புல்லில் ஆடுகள் அப்படி நிற்கும், முன்பெல்லாம் ஆட்களை விட்டு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைச் சீவினார்கள். ஆனால் வழக்கமாகச் சீவுவது குளம்பு அழுகலைத் தடுக்காது, கூட்டவும் கூடும் என்று இப்போது சொல்கிறார்கள், அதனால் நொண்டுகிற ஆட்டை மிருக வைத்தியரிடம் காட்டுவதுதான் நல்லது.

முத்தையன்கட்டான்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் எட்டு மறியின் பல்லையும் பார்த்தேன். மூன்று மட்டும் பல் விழுந்தவை. மிச்சம் ஐந்தும் கடித்துத் தின்னும் அளவுக்கு நல்லாக இருக்கின்றன, வயதை எண்ணித்தான் கிழடு என்று நினைத்திருந்தேன், நெடுங்கேணி அண்ணை கேட்டது சரி.

அப்பா பட்டிக்கு வந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மலை மறி, மாஸம், ஏணி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, இடது காது கிழிந்த மறியைக் காட்டி, "இதின்ரை தாய், தாயின்ரை தாய் ஆரெண்டு தெரியுமோ" என்றார். தெரியாது என்றேன். முதலில் கொண்டுவந்த ஆறில் ஒன்று, பரந்தன் பக்கத்தில் வாங்கி ட்ரக்டரில் ஏற்றி வந்தது, வழியில் பெட்டியிலேயே ஈன்றுவிட்டது, அந்தக் குட்டியின் மகள்தான் இது என்றார். ஒவ்வொரு மறிக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கிறார். எழுதியது ஒன்றும் கிடையாது. இரண்டு தலைமுறை சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் பல்லைப் பிடித்தபடியே நின்றேன், மறிதான் பாவம். எனக்கு "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழை வெட்டப் போன மனிதர், கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் போல.

முடிவு இதுதான். கடா வாங்கவில்லை. பல் விழுந்த மூன்றை மட்டும் விற்கிறேன், அதில் வருகிற காசுக்குக் கொட்டிலை உயர்த்துகிறேன், மிச்சம் இருந்தால் வாடகைக் கடா. காது கிழிந்ததும் இன்னும் மூன்றும் இடுப்பு அகன்றவை, அவற்றை மட்டும் ஆவணியில் விடுவதற்கு அப்பா சம்மதம். ஐந்தாவதாக ஒன்றைக் காட்டினேன், "அது வேண்டாம்" என்றார், இந்த முறை நான் ஏன் என்று கேட்கவில்லை. குட்டிகளைப் பட்டியில் வைக்கக் கூடாது என்று அக்கா சொன்னதைச் சொன்னபோதுதான் முகம் கொஞ்சம் மாறியது, பெண்குட்டி வந்தால் ஒன்றையாவது அம்மா விடமாட்டா என்றார். அதை அப்போது பார்க்கலாம்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யாரிடமாவது முழு டோர்ப்பர் கடா இருந்து ஐந்து கிழமைக்குத் தருவார்கள் என்றால் உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள். அரை வேண்டாம்.